கணிப்பொறியை வளர்த்தவர்கள் – 11: ஐந்நூறு கோடி டாலர்ப் பந்தயம்

சென்ற அத்தியாயத்தின் முடிவில், 1956-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19-ந் தேதி மூத்த தாமஸ் வாட்ஸன் காலமானதையும், நாற்பத்திரண்டு ஆண்டுக் காலம் ஒரே மனிதருடைய சித்தப்படி நடந்துவந்த ஐ.பி.எம். ஸ்தாபனம் அவருடைய மூத்த புதல்வர் டாம் வாட்ஸனின் பொறுப்பில் முழுமையாக வந்து சேர்ந்ததையும் கண்டோம். தந்தை அந்த ஸ்தாபனத்தில் அடியெடுத்து வைத்த 1914-ஆம் ஆண்டிலேயே பிறந்தவர் மகன். எனவே தந்தையின் ஆட்சிக் காலம் எவ்வளவோ அவ்வளவே மகனுடைய வயதும். துளையிட்ட அட்டைகளை எண்ணும் யந்திரங்களை வாடகைக்கு விட்டுச் செல்வம் சேர்த்த ஒரு வியாபாரத்தை, மின்னணுக் கணிப்பொறி என்ற புதிய மார்க்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும் என்று தந்தையோடு பத்து ஆண்டுகள் வாதாடி வென்ற அந்த மகன், அடுத்த பத்து ஆண்டுகளில் தாம் வென்றெடுத்த வியாபாரத்தையே பணயமாக வைத்தார். அதைச் சொல்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

தந்தை விட்டுச் சென்ற ஸ்தாபனத்தில் அதிகாரத்தின் படிநிலைகள் காகிதத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. சிறியதோ பெரியதோ, எந்த விவகாரமும் பெரியவரின் அறைக் கதவைத் தட்டியாக வேண்டும். அவர் சொன்னதே தீர்ப்பு. தந்தை மறைந்து ஆறு மாதங்கள் ஆவதற்குள், அதே ஆண்டு நவம்பரில், வர்ஜீனியா மாநிலத்து வில்லியம்ஸ்பர்க் நகரில் சுமார் நூறு நிர்வாகிகளை மூன்று நாட்கள் கூட்டிவைத்து, டாம் வாட்ஸன் அந்த முறையை அடியோடு மாற்றினார். தொழிற்சாலைகளையும் விற்பனையையும் நடத்தும் பிரிவுகள் ஒரு புறம்; அவற்றின் திட்டங்களைப் பரிசோதித்துக் குற்றம் காணும் நிபுணர்கள் மற்றொரு புறம்; நிபுணர் ஒருவர் ஒரு திட்டத்துக்கு உடன்பட மறுத்தால் அந்த மறுப்பு எழுத்தில் பதிவாகும்; இரு தரப்பும் தங்களுக்குள் இணக்கம் காண முடியாவிட்டால் விவகாரம் மேல் சபைக்கு வந்து, அங்கே இரு தரப்பு வாதமும் கேட்கப்பட்டுத் தீர்ப்பாகும். வெளிப்பார்வைக்கு வெறும் அலுவலக ஏற்பாடாகத் தோன்றும் இதைத்தான் அவருடைய நிர்வாகத் திறமையின் மூலஸ்தானம் என்று நான் கருதுகிறேன். தம்மை எதிர்த்துப் பேசுகிறவர்களைத் தேடிப் பிடித்து உயர்த்த வேண்டும், பழகுவதற்கு இனியவர் என்பதற்காக ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் பல இடங்களில் வற்புறுத்திய கொள்கை. கோபத்துக்குப் பேர்போன மனிதர் அவர்; மேஜைக்கு எதிரே நிற்பவர் நடுங்கும்படி சீறக்கூடியவர். ஆனால் அந்தச் சீற்றத்துக்கு அஞ்சாமல் எதிர்வாதம் செய்தவர்களே அவருடைய காலத்தில் ஸ்தாபனத்தின் உச்சிக்குச் சென்றார்கள்.

1960-ஆம் ஆண்டை ஒட்டி அந்த ஸ்தாபனத்தின் நிலைமையைக் கவனித்தால், எவரும் பொறாமைப்படக்கூடிய செழிப்பே தென்படும். 1959 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 1401 என்ற சிறு கணிப்பொறி ஆயிரக்கணக்கில் வாடகைக்குப் போய்க்கொண்டிருந்தது. எண்டிகாட் தொழிற்சாலை அதைச் செய்தது; பொக்கீப்ஸி தொழிற்சாலை 7000 என்ற வரிசையில் பெரிய யந்திரங்களைச் செய்தது. செழிப்புக்கு நடுவே ஒரு நோய் வளர்ந்தது. ஸ்தாபனம் ஒரே காலத்தில் விற்றுவந்த ஏழெட்டு வகைக் கணிப்பொறிகளுள் ஒன்றின் பாஷை மற்றொன்றுக்குப் புரியாது. ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி 1401-ஐ வைத்துக் கணக்குகளைப் பழக்கி, அலமாரி அலமாரியாக நிரல் அட்டைகளை எழுதிச் சேர்த்து, வியாபாரம் பெருகியதனால் அடுத்த பெரிய யந்திரத்துக்கு மாற விரும்பினால், அந்த அட்டைகள் அத்தனையும் குப்பைக்குப் போகும். முதல் வரியிலிருந்து மீண்டும் எழுத வேண்டும். அச்சிடும் கருவியும் காந்த நாடாக் கருவியுங்கூட எல்லா யந்திரங்களோடும் ஒரே விதமாகப் பொருந்தமாட்டா. எப்படியும் எல்லாவற்றையும் மாற்றி எழுதியாக வேண்டும் என்ற நிலை வந்த பிறகு, வாடிக்கைக்காரர் ஐ.பி.எம்.மிடமே ஏன் வரவேண்டும்? போட்டிக் கம்பெனியின் வாசலையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பார் அல்லவா?

இதற்கிடையில் பெருத்த அவமானம் ஒன்றும் நேர்ந்தது. உலகத்திலேயே மிக வேகமான கணிப்பொறி என்று பெருமையோடு தொடங்கப்பட்ட ஸ்ட்ரெட்ச் என்ற 7030, வாக்களித்த வேகத்தை எட்டவில்லை. 1961 மே மாதத்தில் டாம் வாட்ஸன் பகிரங்கமாக அதை ஒப்புக்கொண்டு, 135 லட்சம் டாலர் என்று நிர்ணயித்திருந்த விலையைச் சுமார் 78 லட்சத்துக்குக் குறைத்து, ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்களுக்குத் தவிர மற்றவர்களுக்கு விற்பதையே நிறுத்திவிட்டார். திட்டத்துக்குத் தலைமை வகித்த ஸ்டீபன் டன்வெல் என்ற எஞ்ஜினீயர் ஒதுக்கிவைக்கப்பட்டார். அந்தத் தீர்ப்பு நியாயமானதுதானா என்பதைப் பின்னால் காண்போம்.

இந்தச் சமயத்தில் யந்திரப் பிரிவுகளுக்கு மேலதிகாரியாக இருந்தவர் வின்சென்ட் லியர்ஸன். ஆறரை அடி உயரம். விற்பனைத் துறையில் அடிபட்டு வளர்ந்தவர். காரியம் முடியவேண்டும் என்பதைத் தவிர வேறு தாட்சண்யம் அறியாதவர். இரு தொழிற்சாலைகளின் பரஸ்பரப் பகைமையைத் தீர்க்க அவர் கையாண்ட உபாயம், எண்டிகாட்டில் பணியாற்றிவந்த பாப் எவன்ஸ் என்பவரைப் பொக்கீப்ஸியின் அபிவிருத்தித் தலைவராகக் கொண்டுபோய் வைத்ததுதான். அங்கே முப்பது வயதுகூட நிறையாத ஃபிரெட் புரூக்ஸ் என்ற இளைஞர் 8000 என்ற புதிய வரிசை ஒன்றைத் தீட்டி வைத்திருந்தார். எவன்ஸ் அதைப் பார்த்துவிட்டு, பழைய நோயையே புது மேனியில் வளர்க்கும் திட்டம் இது என்று கண்டித்தார். புரூக்ஸும் விட்டுக்கொடுக்கவில்லை. மாதக்கணக்கில் நடந்த அந்தப் போராட்டத்தில் கடைசியாக எவன்ஸ் வென்றார். 1961 மே மாதத்தில் 8000 திட்டம் கைவிடப்பட்டது. தோற்றுப்போன புரூக்ஸ் வேலையை உதறிவிட்டுப் போக எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் எவன்ஸ் அந்த எதிரியையே அழைத்து, இனி வரப்போகும் புதிய வரிசை முழுவதையும் வகுக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். வில்லியம்ஸ்பர்க்கில் விதைத்தது எந்த அளவுக்கு வேரூன்றியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் ஸ்தாபனத்தின் பல பிரிவுகளிலிருந்தும் பொறுக்கி எடுக்கப்பட்ட பதின்மூன்று பேர் கனெக்டிகட் மாநிலத்தில் சாலையோர விடுதி ஒன்றில் தங்கவைக்கப்பட்டார்கள். திட்டத்தோடு ஊர் திரும்பலாம் என்பதே அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. 1961 டிசம்பர் 28-ந் தேதியிட்ட அறிக்கை ஒன்று அங்கே பிறந்தது. சிறியதிலிருந்து பெரியது வரை ஒரே குடும்பமான கணிப்பொறிகளைச் செய்ய வேண்டும். குடும்பத்தின் எந்த உறுப்புக்காக எழுதிய நிரலும் போதிய நினைவகமும் கருவிகளும் இருந்தால் மற்றெல்லா உறுப்புகளிலும் ஓட வேண்டும். விஞ்ஞானிகளுக்கு ஒன்று, வியாபாரிகளுக்கு ஒன்று என்ற பேதம் ஒழிய வேண்டும். அச்சுப்பொறி, நாடா, வட்டு ஆகியவை எல்லாவற்றோடும் ஒரே விதமாகப் பொருந்த வேண்டும். அதாவது, அன்று கோடிக்கணக்கில் லாபம் தந்துகொண்டிருந்த எல்லா யந்திரங்களையும் தன் கையாலேயே காலாவதியாக்கிவிட வேண்டும் என்பதே அந்த அறிக்கையின் சாரம். புது வருஷம் பிறந்து நான்காம் நாள் மேலதிகாரிகளின் முன் அது படிக்கப்பட்டது. மறுப்புகளும் சந்தேகங்களும் எழுந்தன. செய்தே தீர்வோம் என்று லியர்ஸன் முடித்துவிட்டார்.

டாம் வாட்ஸன் எஞ்ஜினீயர் அல்லர். கணிப்பொறியின் உள்ளமைப்பை வகுத்தவர்கள் ஜீன் ஆம்டால், ஜெரிட் பிளாவ், புரூக்ஸ் முதலியோர். எழுத்து ஒன்றுக்கு ஆறு பிட்டுகள் போதும் என்று ஆம்டால் வாதிக்க, எட்டு வேண்டும் என்று புரூக்ஸ் தீர்மானித்ததன் பயனாகவே இன்று உலகெங்கும் எட்டு பிட்டுகள் ஒரு பைட்டு என்று வழங்குகிறது. தலைவருடைய பங்கு வேறு விதமானது. இந்தக் காரியத்துக்குத் தேவையான பணம் எவ்வளவு, அது தவறிப்போனால் ஸ்தாபனத்தில் மிஞ்சுவது எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்திருந்தும், நாள்தோறும் வந்து எச்சரித்த நிதி நிபுணர்களின் சொல்லைக் காதில் வாங்கியும், ஒப்பமிட்டது அவருடைய கைதான். எஞ்ஜினீயரிங் வேலைக்கு மட்டும் 75 கோடி டாலர். தொழிற்சாலைகளுக்கும் கருவிகளுக்கும் வாடகைக்கு விடவேண்டிய யந்திரங்களுக்குமாக 450 கோடி டாலர். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட புதிய ஊழியர்கள். ஐந்து பெரிய தொழிற்சாலைகள். 1964-ஆம் ஆண்டில் ஸ்தாபனத்தின் மொத்த வருமானமே 320 கோடி டாலர் அளவில்தான் இருந்தது. அணுகுண்டு செய்வதற்காக யுத்த காலத்தில் அமெரிக்க அரசாங்கம் செலவிட்ட தொகை சுமார் 200 கோடி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தனியார் ஸ்தாபனம் ஒன்று எத்தகைய காரியத்தில் இறங்கிற்று என்பது விளங்கும்.

அந்தச் செலவில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பொருள்களுக்காகச் சென்றது. புதிய வரிசைக்கு எஸ்.எல்.டி. என்ற மின்சுற்றுகள் தேவைப்பட்டன. அரை அங்குலச் சதுரமுள்ள வெண்பீங்கான் தகடு. அதன்மேல் உலோகக் குழம்பால் அச்சடித்த கோடுகள். கோடுகளின் மீது, கடுகைவிடச் சிறிதாய்க் கண்ணாடிப் பூச்சிட்ட டிரான்சிஸ்டர்கள் கவிழ்த்து வைத்து ஒட்டப்பட்டிருக்கும். மேலே ஓர் அலுமினிய மூடி. இவற்றை வெளியிலிருந்து வாங்கலாம் என்ற யோசனையை ஏற்காமல், தாமே செய்வது என்று தீர்மானித்து, ஈஸ்ட் ஃபிஷ்கில் என்ற ஊரில் தொழிற்சாலை எழுப்பினார்கள். யந்திரங்களைப் பூட்டி விற்ற கம்பெனி ஒன்று, சில ஆண்டுகளுக்குள் இத்தகைய மின்னணு உறுப்புகளை உலகத்திலேயே மிக அதிகமாக உற்பத்தி செய்யும் ஸ்தாபனமாக மாறியது.

1963 டிசம்பரில் ஹனிவெல் கம்பெனி 200 என்ற யந்திரத்தை அறிவித்தது. 1401-ஐவிடப் பலமடங்கு வேகம், விலையோ குறைவு, அதற்கும் மேலாக, 1401-க்கென எழுதிய நிரல்களை அப்படியே மாற்றி ஏற்றுக்கொள்ளும் வசதி. நூற்றுக்கணக்கான ஆர்டர்கள் உடனே அங்கே போயின. கனெக்டிகட் விடுதியில் அந்த அறிக்கைக் குழுவுக்கு முதலில் தலைமை வகித்தவரும், பிறகு எண்டிகாட் பிரிவின் தலைவராக உயர்ந்தவருமான ஜான் ஹான்ஸ்ட்ரா, தம்முடைய வாடிக்கைக்காரர்கள் கண்ணெதிரே கைநழுவிப் போவதைப் பொறுக்க முடியாமல், புதிய குடும்பத்தின் கடைக்குட்டியை விட்டுவிட்டு 1401-ஐயே வேகப்படுத்தி விற்கலாம் என்று மன்றாடினார். அவருடைய வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எஞ்ஜினீயர்கள் அதற்கு விடை கண்டார்கள். புதிய யந்திரத்தின் உள்ளே இருந்த நிரந்தர நினைவகத்தில் 1401-ன் கட்டளைகளையும் பதித்துவைத்தால், புதிய யந்திரமே பழையதைப்போல் வேஷம் போட்டு, பழைய நிரல்களைப் பழைய யந்திரத்தைக் காட்டிலும் விரைவாக ஓட்டிவிடும். அது பரீட்சித்துக் காட்டப்பட்டது, தகராறும் தீர்ந்தது. ஹான்ஸ்ட்ரா சில வாரங்களில் அந்தப் பதவியிலிருந்து மாற்றப்பட்டார்.

1964 ஏப்ரல் 7-ந் தேதி, பத்திரிகை நிருபர்களை ஏற்றிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து பொக்கீப்ஸிக்கு ஒரு விசேஷ ரயில் புறப்பட்டது. அங்கே டாம் வாட்ஸன் மேடையேறி, சிஸ்டம் 360 என்ற பெயரில் ஆறு கணிப்பொறிகளையும் நாற்பதுக்கு மேற்பட்ட துணைக் கருவிகளையும் ஒரே மூச்சில் உலகுக்கு அறிவித்தார். அதே நாளில் அமெரிக்க நகரங்கள் பலவற்றிலும் அயல்நாடுகளிலும் கூட்டங்கள் நடந்தன. வந்தவர்களுக்குக் காட்டப்பட்ட யந்திரங்களுள் சில மரத்தினால் செய்த மாதிரிகள். அதை வந்தவர்களிடம் மறைக்கவில்லை என்று வாட்ஸனே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆயினும் ஸ்தாபனத்தின் அப்போதைய நிலைமையை அந்த மரப்பெட்டிகள் சரியாகவே காட்டின. இன்னும் செய்து முடிக்காத ஒன்றை, தொழிற்சாலைகள் இன்னும் கற்றுக்கொள்ளாத ஒரு முறையில், தேதி குறித்து வாக்களித்தாயிற்று. ஒவ்வொன்றாக அறிவித்திருந்தால் அபாயம் குறைந்திருக்கும் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் குடும்பம் முழுவதும் ஒன்று என்பதுதான் விற்பனைக்குரிய பொருள். ஓர் உறுப்பை மட்டும் காட்டியிருந்தால் வாங்குகிறவருக்கு அதன் பெருமை விளங்கியிராது. முதல் மாதத்திலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆர்டர்கள் வந்து குவிந்தன.

இனி, இந்தச் சரித்திரத்தின் துயரமான பகுதிக்கு வருகிறோம். டாம் வாட்ஸனுக்கு ஐந்து வயது இளையவர் ஆர்தர். வீட்டிலும் ஸ்தாபனத்திலும் டிக் என்றே அழைக்கப்பட்டவர். யுத்தத்துக்குப் பின் அயல்நாட்டு வியாபாரத்தைத் தனிக் கம்பெனியாகப் பிரித்து இளைய மகன் கையில் கொடுத்தார் தந்தை. பல பாஷைகள் பேசக்கூடிய டிக், ஐரோப்பாவிலும் பிற கண்டங்களிலும் அதை அருமையாக வளர்த்துக் காட்டினார். அண்ணனுக்குப் பிறகு தம்பி என்ற எண்ணம் குடும்பத்தில் இருந்தது. டாமும் அதையே விரும்பினார். ஆனால் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் அனுபவம் இல்லாமல் தலைமைப் பதவிக்கு வந்தால் மற்றவர்கள் மதிக்கமாட்டார்கள் என்று நினைத்து, 1964-ல், 360-ன் எஞ்ஜினீயரிங்கையும் உற்பத்தியையும் தம்பியிடமும், விற்பனையை லியர்ஸனிடமும் ஒப்படைத்தார். இருவருள் எவர் தலைமைக்குத் தகுந்தவர் என்று உலகம் கண்டுகொள்ளும் என்பது கருத்து. தம்பியோ தொழிற்சாலை நடத்தியவர் அல்லர். லியர்ஸனோ அந்த யந்திரத்தைத் தொடக்கத்திலிருந்து உருவாக்கியவர், அதன் பலமும் பலவீனமும் அறிந்தவர். விற்பனைப் பக்கம் வந்த லியர்ஸன், போட்டிக் கம்பெனிகளைச் சமாளிக்க இன்னும் அதிக வேகம் வேண்டும், இன்னும் புதிய வசதிகள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்; ஒவ்வொரு கோரிக்கையும் உற்பத்திச் சுமையை ஏற்றியது; சுமந்தவர் டிக்.

1965-ஆம் ஆண்டு முழுவதும் கஷ்டத்தின்மேல் கஷ்டம். பீங்கான் சுற்றுகளில் குறை கண்டு ஏராளமாகக் கழித்துவிட நேர்ந்தது. அவை கிடைக்காமல் பொருத்தும் கூடங்கள் காத்துக் கிடந்தன. யந்திரத்தை இயக்கும் ஆணைத்தொகுதியோ அதைவிட மோசமான நிலையில் இருந்தது. புரூக்ஸின் மேற்பார்வையில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதிக்கொண்டிருந்தும் அது குறித்த காலத்தில் முடியவில்லை. முடியவில்லை என்பதற்காக ஆட்களைச் சேர்த்தார்கள். புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதிலேயே பழையவர்களின் காலம் கழிந்தது. அந்தச் செலவு முடிவில் சுமார் 50 கோடி டாலரை எட்டிற்று. தாமதித்த நிரல்பணிக்கு ஆட்களைச் சேர்த்தால் தாமதம் பெருகும் என்று புரூக்ஸ் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு எழுதிய புத்தகம், இன்றும் அந்தத் தொழிலில் இருப்போர் படிக்கும் நூலாக விளங்குகிறது. அக்டோபரில், வாக்களித்த தேதியில் யந்திரங்கள் வாரா என்று ஸ்தாபனம் வெளிப்படையாக அறிவிக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையே, பாதி முடிந்தும் முடியாமலும் தொழிற்சாலைகளுக்கிடையே பயணம் செய்துகொண்டிருந்த பொருள்களின் மதிப்பு 60 கோடி டாலர் என்று கணக்கு வந்தது. அவை எங்கெங்கே எவ்வளவு இருக்கின்றன என்று எவராலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஐ.பி.எம்., 1966-ல் புதிய பங்குகளை விற்று 37 கோடி டாலர் திரட்டித்தான் மூச்சுவிட்டது.

வாட்ஸன், அந்த இக்கட்டில், லியர்ஸனை மீண்டும் அழைத்து உற்பத்தி முழுவதையும் அவர் கையில் கொடுத்தார். லியர்ஸன் தாம் நம்பிய நான்கு நிர்வாகிகளைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பி, வேறு எதையும் பொருட்படுத்தாமல், யந்திரங்களை வெளியே கொண்டுவந்தார். 1966 ஜனவரியில் அவர் ஸ்தாபனத்தின் பிரஸிடெண்ட் ஆனார். டிக் வாட்ஸனுக்கு உப சேர்மன் என்ற கௌரவப் பதவி கிடைத்தது. தலைமைக்கு வரும் வழி அடைபட்டுவிட்டது. அவர் பின்னர் பாரிஸ் நகரில் அமெரிக்க ஸ்தானிகராக இரண்டு ஆண்டுகள் இருந்தார். 1974-ல், தம் வீட்டு மாடிப்படியில் தவறி விழுந்து, ஐம்பத்தைந்தாம் வயதில் இறந்தார். தம்பியை அந்தப் பந்தயத்தில் நிறுத்தியதை எண்ணி அண்ணன் ஆயுள் முழுவதும் வருந்தினார். 1990-ல் வெளிவந்த சுயசரிதையில் அந்த வருத்தத்தை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அந்த ஒப்புதலை நாம் மதிக்க வேண்டும். ஆனாலும் என்னுடைய அபிப்பிராயத்தில், அந்தக் குற்றம் வெறும் சகோதர விவகாரம் அன்று, நிர்வாகப் பிழை. திட்டங்களை எதிர்ப்பின் நெருப்பில் புடம்போட்டுப் பார்த்த அதே மனிதர், தம்பிக்குப் பதவி கொடுக்கும் விஷயத்தில் மட்டும் எவருடைய எதிர்ப்பையும் எதிர்பார்க்கவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் இருந்த மேல் சபை இதற்கு இல்லை.

டன்வெல்லின் விவகாரமும் இதோடு சேர்த்து நினைக்கத்தக்கது. 360-ஐ அலசிப் பார்த்தபோது, அதில் பயன்பட்ட உபாயங்களுள் பல, தோல்வி என்று முத்திரை குத்தப்பட்ட ஸ்ட்ரெட்ச் யந்திரத்துக்காக டன்வெல் குழுவினர் கண்டவை என்பது தெளிவாயிற்று. 1966-ல் வாட்ஸன் ஸ்தாபனத்தார் பலர் கூடிய இடத்தில் டன்வெல்லுக்கு இழைத்த அநீதியை ஒப்புக்கொண்டு, மிக உயர்ந்த கௌரவமான ஐ.பி.எம். ஃபெலோ பட்டத்தை அளித்தார். தாம் தண்டித்த ஒருவரிடம் பலர் அறிய வருத்தம் தெரிவிப்பது, அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு எளிதான காரியம் அன்று.

பந்தயம் வென்றது. 1970-ல் ஸ்தாபனத்தின் வருமானம் 750 கோடி டாலரைத் தொட்டது. 360-ன் அமைப்பையே பின்பற்றித் தன் யந்திரங்களைச் செய்து போட்டியிட்ட ஆர்.ஸி.ஏ. 1971-ல் பெருநஷ்டத்தோடு கணிப்பொறித் தொழிலிலிருந்து விலகிற்று. ஜெனரல் எலெக்ட்ரிக் அதற்கு முந்தின ஆண்டே தன் பிரிவை ஹனிவெல்லுக்கு விற்றுவிட்டது. சோவியத் யூனியனும் அதன் நேச நாடுகளும் 1970-களில் தாங்கள் செய்த கணிப்பொறி வரிசைக்கு 360-ஐயே முன்மாதிரியாகக் கொண்டன. 1979 முதல் 1981 வரை மாஸ்கோவில் அமெரிக்க ஸ்தானிகராக இருந்தவர் டாம் வாட்ஸன்தான் என்பது நினைவில் வைக்க வேண்டிய ஒரு செய்தி.

நம் ஊருக்கும் அந்தக் குடும்பத்தின் கிளை ஒன்று வந்தது. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் நிறுவப்பட்ட 370/155 என்ற யந்திரம், 360-க்கு நேர் வாரிசு. 360-க்காக எழுதிய நிரல்கள் அதில் ஓடும். நம் நாட்டில் கணிப்பொறி பயின்ற முதல் தலைமுறையினர் பலர் அட்டைக் கட்டுகளோடு அதன் முன் வரிசையில் நின்றவர்கள். அதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், வருஷத்தை இரண்டே இலக்கங்களில் எழுதிவைத்த பழைய நிரல்களை 2000-ஆம் ஆண்டுக்குள் திருத்த வேண்டும் என்று அமெரிக்க வங்கிகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் பரபரத்தபோது, அந்த வேலையில் பெரும் பங்கு இந்திய இளைஞர்களுக்கு வந்தது. சென்னையில் அதனால் வாழ்வு பெற்ற குடும்பங்கள் ஏராளம். அவர்கள் திருத்திய வரிகளுள் பல, வரிசையில் யந்திரம் எத்தனை முறை மாறினாலும் நிரல் மாற வேண்டாம் என்று அந்தச் சாலையோர விடுதியில் பதின்மூன்று பேர் எடுத்த தீர்மானத்தின் பலனாக அத்தனை காலம் உயிரோடு இருந்தவை.

1970 நவம்பரில் டாம் வாட்ஸனுக்கு மாரடைப்பு கண்டது. ஐம்பத்தாறு வயதுதான், தேறி வந்து இன்னும் பத்து ஆண்டுகள் ஆண்டிருக்கலாம். ஆஸ்பத்திரியிலேயே விலகத் தீர்மானித்து, மறு ஆண்டில் லியர்ஸனிடம் தலைமையை ஒப்படைத்துவிட்டு, தம் பாய்மரக் கப்பலில் கடற்பயணம் புறப்பட்டார். தந்தை எண்பத்திரண்டு வயது வரை விடாமல் பற்றியிருந்த நாற்காலி அது.

ஆனால் அவர் விட்டுச் சென்றது அமைதியான ஸ்தாபனம் அன்று. வெற்றி அளவுமீறியதாக அரசாங்கத்துக்குத் தோன்றிற்று. 1969 ஜனவரி 17-ந் தேதி, ஜனாதிபதி ஜான்ஸனின் பதவிக் காலம் முடிய மூன்று நாட்களே இருந்தபோது, கணிப்பொறித் தொழிலை ஏகபோகமாக்கியதாக ஐ.பி.எம். மீது அமெரிக்க நீதி இலாகா வழக்குத் தொடுத்தது. அந்த வழக்கு பதின்மூன்று ஆண்டுகள் நடந்தது. அதன் வரலாற்றையும், வழக்குத் தொடுக்கப்பட்ட அதே ஆண்டு ஜூன் மாதத்தில் நிரல்களுக்குத் தனி விலை வைக்க அந்த ஸ்தாபனம் எடுத்த முடிவையும் அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.